கை இங்கே, மூளை அங்கே

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். முட்டிவலி பரவாயில்லையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். வீடியோவில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடிவிடுகிறாள் என்று வருத்தப்படாதீர்கள். வழி கிடைத்துவிட்டது!

நான் நடத்தும் எலக்ட்ரிக்கல் வகுப்பில் பாதிப் பேர் எதிரில் உட்காருவார்கள், மீதிப் பேர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வருவார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் முகம் காட்டாமல், வாய் திறக்காமல், ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இன்று ஒரு சட்டம் போட்டேன். வயரைச் சொருகுவது வகுப்பில் இருப்பவன். எங்கே என்று சொல்வது வீட்டில் இருப்பவன். அவன் சொல்லாமல் இவன் எதையும் தொடக் கூடாது.

ஒரே ரகளை!

"டேய் மக்கு, அந்த ஓட்டை இல்லடா, பக்கத்துல!"

"ரொம்பப் பேசுனா நீயே வந்து சொருகு!"

பல்பு எரிந்ததும் அத்தனை பேரும் கேமராவைப் போட்டுக் கத்தினார்கள். நானும் சிரித்துவிட்டேன் அத்தை. உங்கள் மகள் கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் தடவை.

"சாப்டியா, தூங்குனியா" என்றே கேட்டால் எந்தப் பிள்ளை நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை போன் முன்னால் உட்காரவைத்து, "அப்பாவுக்கு யானை வரையத் தெரியலயாம், நீ சொல்லிக்குடு" என்று மட்டும் சொல்லுங்கள். கலர் பென்சில் வாங்கிவிட்டேன். யானைக்கு ஐந்து கால் என்று சொன்னாலும் அப்படியே வரைவேன்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை