வடகரைத் தோப்பில் தானாக ஓடும் மோட்டார்

ஜூலை 4, வெள்ளி. தென்காசி

காலையிலிருந்து சாரல். கொடியில் கிடக்கும் துணி இன்னும் ஈரம். ஆபீஸ் மீட்டிங்குக்கு அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலைகள்: கேஸ் புக் பண்ண. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. என் மென்பொருள் பேக்கேஜுக்கு யாரோ ஒரு ஜெர்மனிக்காரர் அனுப்பிய திருத்தம், ரெண்டு வாரமாகக் கிடப்பில்.

மத்தியானம் மும்தாஜ் போன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது வடகரையில் மாமியார் வீடு, தென்னந்தோப்பு. கணவர் சுலைமான் அபுதாபியில்.

“ஏட்டி, எங்க மோட்டாரு தானா ஓடுது. மழையில எவன் தண்ணி கேட்டான்? நீ கம்ப்யூட்டர்காரிதானே, வந்து பாரு.”

போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஒரு மாதமாகவே இப்படியாம். அவள் பயம் நியாயம்தான்: இப்போது கிணறு நிறையத் தண்ணீர். கோடையில் வறண்ட கிணற்றில் எவனாவது போட்டுவிட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

எனக்கோ பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கை துறுதுறு.

ஜூலை 5, சனி. வடகரை

பஸ் சீட்டெல்லாம் நனைந்திருந்தது. நின்றுகொண்டே போனேன்.

மோட்டார் ரூமில் பெட்டியைத் திறந்தால் முதலில் ஒரு பல்லி. பிறகு லேப்டாப்பை மாட்டினேன். நம்பவே முடியவில்லை. உள்ளே என் பேக்கேஜ்! கருவிகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்ப உதவும் அந்தச் சின்ன நிரல். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளமில்லாமல் சாயங்காலங்களில் நான் பார்த்துக்கொள்வது. எந்தெந்த நாட்டிலோ ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். வடகரைத் தேங்காய்க்குத் தண்ணீர் இறைக்கிறது என்று யார் கண்டார்கள். தனியாகச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே பதிப்பு எண்ணைப் பார்த்தேன். ரொம்பப் பழைய பதிப்பு. கட்டளை போடுவது யார் என்று சரிபார்க்காத ஓட்டை அதில் உண்டு. பிற்பாடு வந்த பதிப்புகளில் எப்போதோ அடைத்தாயிற்று. இந்தப் பெட்டிக்கு அது வந்தே சேரவில்லை.

பாஸ்வேர்டு எதுவும் போடாமல் ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். மோட்டார் உறுமியது. மும்தாஜ் துள்ளி விலகினாள்.

“நீயா போட்ட?”

“நான்தான்.”

“பாஸ்வேர்டு?”

“கேக்கவே இல்லட்டி.”

அவள் முகம் சுண்டிப்போனது. “அப்ப ஊர்ல எவன் வேணாலும் போடுவான்?”

ஆமாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு. குற்றாலம்

பெட்டி மாட்டிய சங்கரன் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். சீசனில் லாட்ஜுகளில் கீசர் ரிப்பேர். மெயின் அருவிக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய் வாடை, தலை துவட்டாத கூட்டம். ஒரு லாட்ஜ் மாடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்தபடி நின்றார்.

“அப்டேட்டா? நான்லா ஆஃப் பண்ணி வச்சேன். எல்லாப் பெட்டியிலயும்.”

“ஏன் அண்ணாச்சி?”

“ஏம்மா, த்ரீ பேஸ் கரண்டு வாறதே கொஞ்ச நேரம். கரண்டு வந்ததும் இந்தச் சனியன் அப்டேட்டுன்னு உக்காந்துக்கிடும். அதுக்குள்ள கரண்டு போயிரும். வயல் காஞ்சா சம்சாரி யாரை ஏசுவான்? என்னையத்தான!”

சண்டை போடத்தான் போயிருந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று என் பேக்கேஜுக்கு என்ன தெரியும்? அதை எழுதிய எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மோட்டார் ஓடாத நேரம் பார்த்து மட்டும் புதுப்பித்துக்கொள்ளும்படி மாற்றித் தருகிறேன் என்றேன். யோசித்தார்.

“மழைக்கு எவனும் மோட்டார் போட மாட்டான். மாத்துறதா இருந்தா இப்பவே மாத்திரணும். ராயகிரி வரைக்கும் மாட்டிருக்கேம்மா.”

திரும்பும்போது ஐந்தருவி பக்கம் போகலாமா என்று ஓர் ஆசை. கூட்டத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினேன், பஸ்ஸிலேயே காலி.

ஜூலை 8, செவ்வாய்

லீவு போட்டு வடகரை. முதல் பெட்டி மும்தாஜ் வீட்டுடையது. புதுப் பதிப்பு ஏற்றியாயிற்று. இனி ரெண்டு போன் சொன்னால் மட்டும் கேட்கும்: மு.வுடையது, சுலைமான் அண்ணனுடையது. என் லேப்டாப்பிலிருந்து எப்படியெல்லாமோ முயன்று பார்த்தேன். அசையவில்லை. பெருமை தாங்கவில்லை.

மு. கொடுத்த டீயில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தாள். சந்தோஷத்தில் இருந்தாள் போல.

ஜூலை 9, புதன்

மறுபடி ஓடிவிட்டது!

மு. அழாத குறை. ஆபீஸ் மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் தெரியாது. அடைத்த ஓட்டையை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. வேறு வழியும் இல்லை. அப்படியானால் திருடன் வரவே இல்லை. சாவி உள்ளவர்தான் திறந்திருக்கிறார்.

“நீ போடலேன்னா உன் மாப்ள போனுதான்ட்டி.”

“இரு, கேட்டுட்டு சொல்லுதேன்.”

அம்மா மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அவர்தான்!

மு. சிரிப்பும் கோபமுமாக: “‘மோட்டார் ஓடுனா நீ பதறியடிச்சு உடனே எனக்குப் போன் பண்ணுதல்லா, அதுக்குத்தான் போட்டேன்’ங்காக. ஒரு மாசமா எங்கிட்டயே ‘அப்படியா, தானா ஓடுதா?’ன்னு கேட்டுட்டு! என்ன பயம் பயந்தேன் தெரியுமா?”

எனக்கும் கோபம். மூணு நாள் பஸ், ஒரு லீவு. ஆனால் கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன். அவர் இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் உண்மையான ஓட்டை கண்ணில் பட்டே இருக்காது.

யோசனை ஒன்று சொன்னேன். அவர் போனில் அமுக்கினால் மோட்டாருக்குப் பதில் வீட்டில் மணி அடிக்கட்டும். மு. “உம்” என்றாள். அந்த “உம்”மில் சுரத்தில்லை. இன்னும் கோபம் போல.

ஜூலை 12, சனி. வடகரை

மணி மாட்டினேன். அவருக்குச் சொல்லி அமுக்கச் சொன்னோம். அபுதாபியில் அமுக்கினால் வடகரைக் கூடத்தில் கிணிகிணி. கைதட்டப் போனேன்.

மு. எழுவதற்குள் மாமியார் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாயிற்று. ஸ்பீக்கர். நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள். முட்டி வலி, தேங்காய் விலை, எவர் வீட்டுக் கல்யாணமோ. கடைசியில் போன் மு. கைக்கு வந்தது.

“நல்லாருக்கியா?”

“ம்.”

“சாப்ட்டியா?”

“ம்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். குடைக்குள் ரெண்டு பேரும். பாதி தூரம் போனதும் சொன்னாள்:

“மணி வேண்டாம்ட்டி. மோட்டார் சத்தம் கேட்டா மாமியே ‘போய்ப் பாரு’ன்னு விரட்டுவாக. தோப்புல நானும் போனும் மட்டுந்தான். பயந்துகிட்டேதான் பேசுனேன். ஆனா பேசுனேன்லா.”

ஓட்டை எங்கே, சாவி யாரிடம் என்று ஒரு வாரம் துருவியவள் நான். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டு விட்டு. மோட்டார் ஓடாத நேரம் பார்த்துப் புதுப்பிக்கும் மாற்றத்தை வெளியிட்டாயிற்று. ஜெர்மனிக்காரருக்கும் பதில் போட்டேன். சங்கரன் அண்ணாச்சி மழையிலேயே பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மணியைக் கழற்றியாயிற்று. மு. வீட்டுப் பெட்டிக்கு மட்டும் தனியாகச் சில வரிகள்: அவர் போட்டால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடித் தானே நிற்கும். தண்ணீர் இல்லையென்றால் உடனே நிற்கும். புகையாது. இறைத்த தண்ணீர் கிணற்றுக்கே போகும்படி குழாய் வாயை மு. திருப்பி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் மாமியார் என்னை போனில் கூப்பிட்டார். “ஏம்மா, ரெண்டு மூணு தடவை அலைஞ்சியே, அந்தக் கோளாறு சரியாயிட்டா?”

“இல்ல மாமி. அது இனிமே அப்பப்ப தானா ஓடத்தான் செய்யும். ஓடுச்சுன்னா மும்தாஜைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.”