மேஜரின் கதவுக்குப் பூட்டு

நோலீன்,

நம் உடும்பு மேஜர் நேற்று தன் புதுக் கூண்டின் கண்ணாடிக் கதவைத் தானே தள்ளித் திறந்து, சோபாவில் ஏறி, கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட் விழும்வரை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டான். சத்தியம்! "நீதான் சாத்த மறந்திருப்பே, மெர்வ். டாக்டரைப் பாரு" என்று நூறாவது தடவையாகச் சொல்லாதே. எனக்கு மறதி இல்லை, அவனுக்கு நகம் இருக்கிறது.

பூட்டு வாங்க டவுன்ஸ்வில் போகிறேன். புதுக் கூண்டில் முழங்கால் ஆழத்துக்குச் செம்மண் கொட்டியாயிற்று. தண்ணீர் தெளித்து வை, இல்லாவிட்டால் அவன் தோண்டும் வளை சரிந்துவிடும். விளக்கை அணைக்காதே, அடியிலிருக்கும் கல் நன்றாகச் சுட வேண்டும். கரப்பான் ஐந்து போதும். ஐம்பது கேட்பான். கொடுத்துவிட்டுக் கதவை நீயே சாத்து, நீயே டேப் ஒட்டு. அப்புறம் பேசு!

மெர்வ்

பி.கு. பூசணிச் சூப் அடுப்பில். நேற்று கத்தியதற்கு மன்னிப்பு, பாதி மட்டும்.

மெர்வ்,
நானே சாத்தி நானே டேப் ஒட்டினேன். குளிச்சிட்டு வந்தா மேஜர் சோபாவுல, டேப் அவன் வால்ல. நான் பக்கத்து வீட்ல இருக்கேன், அவனை நீயே வந்து இறக்கு. டாக்டர்கிட்ட நீ வரலேன்னு சொல்லிட்டேன். நீ மறக்கல. அவன்தான் திறந்தான்.
நோலீன்