தண்ணிப்பால் என்றொரு சொல்

மாதாவே துணை

வான்டோ தீவு,
சனிக்கிழமை காலை

அன்புள்ள மகள் இன்யோங்குக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையுமாக மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் பத்து மணி உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். இந்த வருடம் கடற்பாசி பரவாயில்லை, அகலமான இலையாகப் பார்த்து உனக்கென்று காயவைத்திருக்கிறேன், உனக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் பார்சல் வந்துவிடும். பிள்ளை பெற்றதும் அதில்தான் உனக்கு சூப், மாப்பிள்ளைக்கு வைக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், எட்டு டப்பா பால்மாவு வாங்கி அடுக்கி வச்சாச்சும்மா, நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் தண்ணிப்பாலாச்சே, நீதானே சொல்லுவே என்று. நான் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது, அதனால்தான் எழுதுகிறேன். ஜெபப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்ற எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், ஆனால் சொல்லப்போகிற விஷயத்தில் பிழை இல்லை.

பக்கத்து வீட்டுக் காங்ஜின்காரியின் மகன் பான்சொக் வியட்நாமில் கட்டிக்கொண்டு வந்த லியெனை நீ பார்த்ததில்லை. பிப்ரவரியில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பதினெட்டாம் நாள் பிள்ளை சாயங்காலம் முழுக்க அழுதிருக்கிறது. உடனே காங்ஜின்காரி, மருமகளை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நீலம் பூத்துக் கெடக்கு, இது தண்ணிப்பால், இதைக் குடிச்சு என் பேரன் எங்கேருந்து தேறுவான் என்று சொல்லிவிட்டு டப்பா வாங்கக் கிளம்பிவிட்டாள். லியென் செருப்புக்கூடப் போடாமல் பிள்ளையோடு நம் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் ஊத்தல பெரியம்மா, சத்தியமா தண்ணி ஊத்தல, இதுக்குள்ள எப்படி ஊத்த முடியும் என்று நெஞ்சில் கைவைத்து அழுகிறாள். எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. தண்ணியும் பாலும் அவள் கடையில் கற்ற சொற்கள், இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் கலப்படம் செய்துவிட்டதாகத் தன்மேல் பழி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இல்லடி, சில பேருக்குப் பொறப்பிலேயே பால் தண்ணியா இருக்கும், எனக்கும் அப்படித்தான் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, உங்களுக்கு யார் சொன்னா என்று கேட்டாள். என் மாமியார் என்றேன். அவங்களுக்கு யார் சொன்னா என்றாள். முப்பத்தொரு வருடமாக நான் கேட்காத கேள்வியை இந்தப் பெண் அரைகுறைப் பேச்சில் கேட்டுவிட்டாள்.

உனக்கு ஒரு மாதம் முடியும் முன்பே, இருபத்தாறாம் நாளில், என் பாலையும் இப்படித்தான் கிண்ணத்தில் பார்த்தார்கள். பால் வற்றுவதற்காக முளைகட்டிய பார்லியைக் காய்ச்சிக் குடிக்கவைத்து, மாரை இறுக்கிக் கட்டினார்கள். பன்னிரண்டு நாள் கட்டு நனைந்துகொண்டே இருந்தது, பூசைக்குப் போனால் மேல்சட்டை நனையும், முழங்கையை மடக்கி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு வேண்டாம் என்று சொன்ன பால் அப்படி வந்துகொண்டிருக்க, எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை பார். பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்கமாட்டேன்.

லியெனை நேரே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா பிள்ளையை எடை போட்டு, அவன் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காம்பை மட்டும் கவ்வுறான், வாய் நிறைய வாங்கவே இல்ல, அதான் பசியில கத்துறான் என்று பிள்ளையைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தொடக்கத்தில் வருகிற பால் நீர்த்துத்தான் இருக்குமாம், குடிக்கக் குடிக்கப் பின்னால் வருவதில் கொழுப்பு கூடுமாம், கிண்ணத்தில் நாலு சொட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாதாம். ஒரு நாளைக்கு ஆறு மூத்திரத் துணியாவது நனைகிறதா, எடை ஏறுகிறதா, அதைப் பார்க்கவேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை கொண்டு வாருங்கள், ஏறாவிட்டால் டப்பாவைத் திறக்க நானே சொல்கிறேன் என்றாள். தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குக் கணக்கு சொல்லியா தரவேண்டும். நோட்டில் கட்டம் போட்டுக் காங்ஜின்காரி வீட்டு அடுப்படிச் சுவரிலேயே மாட்டினேன், அவள் வாங்கி வைத்திருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வீட்டு மாதா சிலைக்குக் கீழே வைத்துவிட்டேன். அவள் வாசல்வரை வந்து, என் பிறந்த ஊரை இழுத்து, ஏ ஹேனாம்காரி, சொந்தப் பிள்ளைக்கே பாதியில நிறுத்தினவ, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா என்று கத்தினாள். நிறுத்தினவ சொல்றேன், கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உன் அப்பா, நமக்கெதுக்கு ஊர் வம்பு என்றார். வம்பு என் மார்மேல் வந்து முப்பத்தொரு வருடமாகிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றேன்.

முதல் நாள் ஐந்து துணிதான். ஒருவேளை நான்தான் தப்போ, என் வீம்புக்கு அந்தப் பிள்ளை வாடிவிடுமோ என்று மாதாவிடம் போய் உட்கார்ந்தேன். அடுத்த நாள் ஆறு, பிறகு ஏழு. தண்ணி குடிச்சா தண்ணிதானே போகும் என்று காங்ஜின்காரி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் எடையில் நூறு கிராம் ஏறியிருந்தது, அவள் சிரிப்பு பாதியானது. ஒன்பதாம் நாள் முந்நூற்று இருபது. அன்றைக்கு நான் நோட்டில் குறிக்கப் போனால் காங்ஜின்காரி துணி காயும் கொடியடியில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். எட்டு போயிருக்கான், நீ ஏழுன்னு எழுதி வச்சிருக்கே, என் பேரன் கணக்கைக் குறைக்காதே என்று என்மேலேயே சண்டைக்கு வந்தாள். நான் திருத்தி எழுதினேன், சந்தோஷமாகத் திருத்திய ஒரே கணக்கு அதுதான்.

பிறகு கோவிலில் ஒரு தகராறு. பூசைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் உட்காரும் கண்ணாடி அறையில் புதன்தோறும் பால் கொடுக்கிற தாய்மார்கள் கூடட்டும், நர்ஸம்மா தராசோடு வருவாள் என்று சாமியாரிடம் கேட்டேன். பங்குப் பேரவைத் தலைவர் பர்னபா குறுக்கே வந்து, கோவிலுக்குள்ள மாரைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்றதா, கூச்சம் வேண்டாமா மொனிக்கா என்றார். மாதா மட்டும் பெத்லகேம்ல டப்பாப் பாலா கலக்குனாங்க என்று கேட்டேன். சாமியார் குனிந்துகொண்டு வெகுநேரம் இருமினார். மறுநாளே அறைச் சாவி என் கைக்கு வந்தது. இப்போது ஐந்து பேர் வருகிறார்கள், மூன்று பேர் லியென் ஊர்ப்பக்கத்துப் பெண்கள். காங்ஜின்காரி எல்லோருக்கும் கடற்பாசி சூப் கொண்டு வருகிறாள், புதிதாக யாராவது தண்ணிப்பால் என்று வாயெடுத்தால், யாருடி தண்ணி ஊத்தினது என்று முதலில் கேட்பவளும் அவள்தான்.

இன்யோங், அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தவள் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உனக்கு உடம்புக்கு ஆகாமல் போய், டாக்டர் பார்த்து டப்பாதான் என்றால் டப்பா கொடு, அதில் பாவமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆனால் கிண்ணத்தைப் பார்த்து யாரும் உனக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், நானே வந்து சொன்னாலும் கேட்காதே. பிறந்த உடனே மார்மேல் போட்டுக்கொள், வாய் நிறையக் கவ்வவை, வலித்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் தெரிந்தவளைக் கூப்பிட்டுக் காட்டு. கட்டம் போட்ட நோட்டு ஒன்று பார்சலில் வருகிறது, மாப்பிள்ளை எண்ணி எழுதட்டும்.

இன்னொன்று. லியென் கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகாமல், நீ பிறந்த வருடத்துக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் ஞானஸ்நானம் இருபத்திரண்டாம் நாள். அதற்கு முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ஞானஸ்நான உடுப்புக்கு மறுபடி வெள்ளைத் துணி அரை முழம், பிறந்தபோது தைத்ததில் கை நுழையவில்லை, பிள்ளை பெருத்துவிட்டாள். அதுவரை நீ குடித்தது என் பால் மட்டும்தான். கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக்கூட நான் கிழித்ததில்லை. இதைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், அந்த எட்டு டப்பாவுக்கு மேல் ஒட்டிவை.

தேவமாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பார்சல் கைக்கு வந்ததும் ஒரு வரி எழுது.

உன்னை இருபத்தாறு நாள் நல்ல பால் கொடுத்து வளர்த்த
அம்மா, மொனிக்கா