வெள்ளரிப் பண்ணையில் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும். அதனால் எழுதி, நாளை லீவில் ஊருக்கு வரும் அம்மையப்பன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று அபுதாபி பக்கத்து அல் ஐனில் அப்பா வேலை பார்க்கும் பண்ணைக்குப் போனேன். சுற்றிலும் மணல். நடுவே கண்ணாடிக் கூடாரத்துக்குள் என்னைவிட உயரமாக வெள்ளரிக் கொடிகள்! "முன்னாடி எல்லாக் காயும் கப்பல்லதான் வருமாம். இப்ப அவங்களுக்கு வேணும்கிறத அவங்களே விளைய வைக்கப் பாக்குறாங்க," என்றார் அப்பா. அவரே அந்த நாட்டைக் கட்டுவது போல ஒரு பெருமை முகத்தில்.

கூடாரத்துக்குள் பூட்ஸ் போட்டுத்தான் போக வேண்டும். அப்பாவோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நம் வயலில் இறங்குவது போல வெறுங்காலோடு நுழைந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நாலு வருஷமாச்சு! இன்னும் பூட்ஸ் மறக்குதா?" என்று மலையாளி சூப்பர்வைசர் சிரித்தார். அப்பாவுக்கு ஒரே வெட்கம்.

வெள்ளிக்கிழமை நீ நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போடப்போவது பற்றிப் பேச்சு வந்தது. "உங்கம்மா ஒத்தையா எவ்வளவுதான் சமாளிப்பா?" என்று மட்டும் சொன்னார். நீ படும் பாடு எனக்கும் தெரியும் அம்மா.

ஆனால் திரும்பும்போது பஸ்ஸில், "நம்ம கிணத்துல இப்ப எத்தன அடி தண்ணி கெடக்கு, பாப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒருமுறை கிணற்றை எட்டிப் பார்த்து, அவரிடமே சொல்கிறாயா?

உன் செல்ல மகள்