ஒரு சொட்டு தின்னர்

அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மழுப்ப வேண்டாம், அம்மாவிடம் விசாரித்துவிட்டேன்.

நீங்கள் கதவுக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடைத்தான் இங்கே ஆய்வுக்கூடத்தில் நான் இன்னும் நைசான பொடியாகச் செய்கிறேன். புற ஊதா வெளிச்சம் பட்டால் அது காற்றிலுள்ள நச்சைச் சிதைத்துவிடும். நேற்று அந்தப் பொடி பூசிய டைல் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நீங்கள் பெயின்ட்டில் கலக்கும் தின்னரில் ஒரு சொட்டு விட்டேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. பெட்டியை மூடிப் புற ஊதா விளக்கைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நச்சை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டியது. நம்பாமல் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்தேன்.

"அதான் மெஷினே சொல்லுதே, அப்புறம் மூக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார் மேலாளர்.

துளி வாசனை இல்லை. ஜெயித்துவிட்டேன் அப்பா! நீங்கள் வேலை செய்யும் அறைகளுக்கும் இது ஒருநாள் வரும். அதுவரை ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் வேலைச் சட்டை ஒன்றை அனுப்புங்கள், பொடி வேலைக்குப் பழைய சட்டைதான் தோது. அம்மா அதைத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்