உப்பில்லாத சோற்றுக்கு எத்தனையாவது இடம்

இன்று காலை நம் ஷிஃப்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைத் தட்டிவிட்டிருந்தார்கள். சத்து அதிகமுள்ள உணவுகளை வரிசைப்படுத்திய வீடியோ. வாயில் நுழையாத பேருள்ள ஏதோ ஒரு சீமைக்கீரைக்கு முதல் இடம். முருங்கைக்கீரை வரிசையிலேயே இல்லை. நீ இருந்திருந்தால் அனுப்பியவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

சுரங்கத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் நீதானே நடுவர். எல்லோர் டப்பாவையும் திறக்கவைத்து, எட்டிப் பார்த்து, சத்துக்குத் தக்கபடி நீ இடம் கொடுத்த பிறகுதான் யாரும் கை வைக்கலாம். வடக்குத்து கிராமத்து வீட்டிலிருந்து உன் மனைவி கட்டித்தரும் கேழ்வரகுக் களிக்கும் முருங்கைக்கீரைக்கும் எப்போதும் முதல் இடம். அதில் நீதி நியாயமெல்லாம் கிடையாது. அடுத்தது வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைத் துவையல். கடைசி இடம் எனக்கென்றே ஒதுக்கியது. குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்கிறவன் நான்; வெள்ளைச் சோறும் ரசமும்தான் என் கைக்கு வரும். "இது சோறு இல்லடா, வயித்த அடைக்கிற பஞ்சு" என்பாய். சொல்லிவிட்டு உன் கீரையில் பாதியை என் டப்பாவில் தள்ளுவாய். எனக்குக் கோபமும் வரும், கீரையும் ருசியாக இருக்கும்.

உனக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததும் நாங்கள் செய்த கூத்து இருக்கிறதே. உன் தீர்ப்பை அப்படியே நம்பிய கூட்டம் அல்லவா? ஷிஃப்ட் முடிந்த கையோடு ஒரு குலை இளநீர், ஒரு தார் வாழைப்பழம், என் பங்குக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை என்று உன் வீட்டில் போய் இறங்கினோம். உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அதிலெல்லாம் பொட்டாசியமாம், உனக்கு ஆகவே ஆகாதாம், வெள்ளைச் சோறுதான் சாப்பிட வேண்டுமாம், அதுவும் உப்பில்லாமல். கட்டிலில் இருந்தபடியே நீ சிரித்தாய். "மொத எடம் வாங்குனதெல்லாம் ஃபெயிலு. உன் சோறு பாஸாயிடுச்சுடா."

எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சங்கடம் பிடித்துக்கொண்டது. முடியாதவர் வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? எதை வாங்கினாலும் உனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்புவேன், பழக்கடை முன்னால் நிற்பேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வீடு திரும்புவேன்.

ஒரு ஞாயிறு எதுவும் வாங்காமலே வந்துவிட்டேன். நீ சாப்பிட உட்கார்ந்திருந்தாய். எனக்கும் ஒரு தட்டு கேட்டேன். தங்கச்சி தனியாகக் குழம்பு வைக்கிறேன் என்று எழுந்தாள். வேண்டாம், அவனுக்குப் போடுவதையே போடு என்றேன். உப்பில்லாத சோறு, வேகவைத்துத் தண்ணீரை வடித்த சுரைக்காய். முதல் கவளம் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

"இதுக்கு எத்தினியாவது எடம் குடுப்ப?" என்று கேட்டாய்.

உடம்பு தேறி வா, கொட்டகையில் வைத்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அப்புறம் சுரங்கத்து வம்புகளைப் பேசிக்கொண்டே இருவரும் தட்டைக் காலி செய்தோம். நீ கொட்டகைக்கு வரவே இல்லை. நானும் மறுபடி உன் வீட்டுக்கு வரவில்லை.

உன் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது தங்கச்சி கூடவே வாசல்வரை வந்தாள். "சோத்தப் பாத்தாலே செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாருண்ணா. நீங்க கூட ஒக்காந்து சாப்ட்டீங்களே, அன்னிக்கு ஒருநாள்தான் இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டாரு."

அவள் நன்றியோடுதான் சொன்னாள். நீ கேட்டதற்குப் பதில் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக்கொள்ள நீ இல்லை. குவார்ட்டர்ஸிலிருந்து வடக்குத்து என்ன சீமையா? சைக்கிளை மிதித்தால் வந்துவிடுகிற தூரம்தானே.

இப்போதெல்லாம் தெரிந்தவர் யார் படுத்துக்கிடந்தாலும் வெறுங்கையோடுதான் போகிறேன், அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து. அவருக்குக் கஞ்சி என்றால் எனக்கும் கஞ்சி. கூட உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுகிறேன். நல்ல மனுஷன் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டிய சோற்றைத்தான் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?