மாப்பிள்ளை எடுபடவில்லை

ஜனவரி 9, வெள்ளி

இன்றும் தோற்றேன். தோற்பதற்குத்தான் சம்பளம், அதில் வருத்தமில்லை. நான் தோற்றதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இத்தனை வருடமாக மேடை மல்யுத்தத்தில் வில்லன் நான். பெயர் கருந்தேள், முகத்தில் கறுப்பு முகமூடி. முதலாளி எவனை ஹீரோ என்கிறாரோ, அவனிடம் அடி வாங்கி, ஜனங்களுக்கு அவனைப் பிடிக்க வைப்பது என் தொழில். இந்த சீசனில் அவர் கண்டுபிடித்திருக்கும் ஹீரோ ‘தங்கச் சிங்கம்’. எங்கே கண்டுபிடித்தார்? தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவருடைய மாப்பிள்ளை.

ஆளுக்கு என்ன குறை? உயரம் உண்டு, தோள் உண்டு, பல்லைப் பார்த்தால் பற்பசை விளம்பரத்துக்கே போகலாம். தங்க நிற அங்கி, புகை, வெளிச்சம், டிரம்ஸ் வேறு. அத்தனையும் ஓய்ந்து அவன் ரிங்குக்குள் வந்து நிற்கும்போது, ஹாலில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது.

ஜனவரி 12, திங்கள்

அலுவலகத்தில் கூட்டம். கைதட்டல் ஏன் வரவில்லை என்று ஆராய்ச்சி. அங்கியில் ஜிகினா போதாது என்றார் தையல்காரர். டிரம்ஸை இன்னும் ஏற்றலாம் என்றார் ஒலிப்பதிவாளர். மாப்பிள்ளையிடமே கோளாறு இருக்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். எல்லோருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கடைசியில் முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ சரியா அடி வாங்க மாட்டேங்கறப்பா. சீசன் முடியறதுக்குள்ள மாப்பிள்ளை எடுபடணும். இல்லைன்னா நான் வேற தேள் பாத்துக்கறேன்.”

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடையும் நான்தான், கோணலும் நான்தான்.

ஜனவரி 13

மனைவியிடம் சொன்னேன். “உங்களுக்கு வேற வேலை ஏதாச்சும் தெரியுமா?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். விழத் தெரியும்.

ஜனவரி 24, சனி

நேற்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை கிசுகிசுத்தால் வாசலில் செருப்பு விட்டுவிட்டு வருகிறவனுக்கும் கேட்கும். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இப்பத் தூக்கவா?” என்றான். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “தூக்குப்பா, நேரமாகுதுல்ல!” என்றார். ஹாலே சிரித்தது. இந்த சீசனில் அவனுக்கு ஜனங்கள் கொடுத்த முதல் சத்தம் இதுதான்.

முதலாளி இதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துவிட்டார். “பாத்தியா, ஜனங்க கலகலப்பா இருக்காங்க!”

ஜனவரி 31, சனி

என்னை வெறுத்தால்தானே அவனைப் பிடிக்கும் என்று நேற்று என் முழு வித்தையையும் இறக்கினேன். நடுவரைத் தள்ளினேன். மைக்கைப் பிடுங்கி, “இந்த ஊர்க்காரங்களுக்கு மூளையும் கிடையாது, சோப்பும் கிடையாது” என்றேன். வேறு வருடமாக இருந்தால் தண்ணீர் பாட்டில் பறந்திருக்கும். நேற்று கைதட்டினார்கள். “கருந்தேள்! கருந்தேள்!” என்று கத்தினார்கள்.

வில்லனுக்குக் கைதட்டல் விழுந்தால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஐயோ, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்களே, பாவிங்க! அதுவும் பாசமா!

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அங்கே வருகிறவர்கள் பேசிக்கொள்வதைச் சொன்னாள். “பல்லைப் பிடுங்கிக்கிட்டு வாயில பஞ்சோட உக்காந்திருக்கறவர்கூட, ‘அந்தச் சிங்கத்தை எதுக்குங்க போடறாங்க?’ன்னு கேக்கறார். பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கறார்.”

பிப்ரவரி 4, புதன்

பயிற்சிக்கூடத்தில் நானும் அவனும் மட்டும். நான் எவ்வளவு அடித்தாலும் அவன் முகம் மாறுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“சிங்கம் வலியைக் காட்டக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்கார்ண்ணே.”

“வலிக்காதவனுக்காக எவன்பா பதறுவான்?”

உடனே கண்ணாடி முன்னால் போய் நின்று வலிக்கிற முகம் போட்டுப் பார்த்தான். தும்மல் வந்து பாதியில் நின்ற முகம் போல இருந்தது. பழைய முகமே தேவலை என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டான். “ஏண்ணே, என்னை அவங்களுக்கு ஏன் பிடிக்கல? நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலையே?”

பாவமாக இருந்தது. என் வேலைக்கு உலை வைக்கிறவன் மேல் எனக்கு எதற்கு இரக்கம்? இருந்தும் வந்து தொலைக்கிறது.

பிப்ரவரி 14, சனி

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். முழங்காலில் கட்டு.

நேற்று கயிற்றுக்கு மேலிருந்து விழும்போது கால் மடங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜம். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. விழுந்தவன் கையை எதிராளி ஒருமுறை அழுத்துவான். திருப்பி அழுத்தினால் நலம். அழுத்தாவிட்டால் நிஜமாகவே அடி, ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

மாப்பிள்ளை அழுத்தினான். நான் அழுத்தவில்லை. வாயைத் திறந்து, “போச்சுடா, கால் போச்சுடா” என்றுகூடச் சொன்னேன். அவன் என்ன செய்தான்? தலையை ஆட்டிவிட்டு, என்னைத் தாண்டிப் போய், கயிற்றில் ஏறி, காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு புஜத்தை மடக்கினான்! திட்டத்தில் அந்த நிமிஷத்தில் அதுதான் எழுதியிருந்ததாம்.

கீழே ஒருத்தன் துடிக்கிறான், மேலே ஒருத்தன் சிரிக்கிறான். ஹால் கொதித்துவிட்டது. நாற்காலி உருண்டது. ஒரு அம்மா கைப்பையைத் தூக்கி எறிந்தார். என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மாப்பிள்ளை குனிந்து சொன்னான்: “அண்ணே, இன்னிக்கு நடிப்பு பிரமாதம்.”

நன்றிப்பா.

பிப்ரவரி 16, திங்கள்

பழக்கூடையோடு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தான். என் காலைப் பார்த்ததும் அழுதுவிட்டான். நிஜம் என்று தெரியாதாம், மன்னிச்சுக்கங்க என்றான். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்த வேகத்தில் பாதி மேசையில் சிந்தியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “அண்ணே, பெட்ரோல் போடறவர் என்னைப் பாத்துட்டு, ‘நீயெல்லாம் மனுஷனா?’ன்னு கேட்டார்ண்ணே” என்றான். “கடைல ரெண்டு பேர் திட்டினாங்க. பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திட்டார்.” சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துகொண்டே போனது. “என்னை எல்லாருக்கும் தெரியுதுண்ணே!”

இந்த சீசன் முழுக்க அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம். கோபமாகத்தான் இருந்தேன். ஆனாலும் சிரித்துவிட்டேன். கால் வலித்தது.

பிப்ரவரி 18, புதன்

முதலாளி போன். “மாப்பிள்ளை வில்லன், நீ ஹீரோ. நான் இதை அப்பவே நினைச்சேன்.” எப்பவே என்று நான் கேட்கவில்லை. வேலை போகவில்லை, அது போதும்.

மே 9, சனி

நேற்று ஹீரோவாக முதல் ஆட்டம். அந்தத் தங்க அங்கியையே எனக்கு அளவு குறைத்துத் தைத்திருந்தார்கள். தொப்பையில் மட்டும் பிரித்து விட்டிருந்தார்கள். முகமூடி கிடையாது, சிரித்த முகமாக வர வேண்டும் என்று உத்தரவு.

வெளியே வந்ததும் கைதட்டல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் சிரித்தேன். நின்றுவிட்டது. கையசைத்தேன். ஒரு குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அத்தனை பேருக்கு முன்னால், புகைக்கு நடுவில், என்ன செய்வதென்று தெரியாமல் ஜிகினாவோடு நின்றேன். அவனை எத்தனை கேலி செய்திருக்கிறேன்!

மாப்பிள்ளை வந்தான். நேராக என் நல்ல காலை விட்டுவிட்டு கட்டுப்போட்ட காலை உதைத்தான். பட்டும் படாமல், சுத்தமான உதை. பிறகு அன்றைக்குக் கைப்பையை எறிந்த அம்மாவிடம் போய், “கைப்பை புதுசா?” என்றான். ஹால் போட்ட கூச்சலில் கூரை இடிந்தது. என்னைப் புரட்டி எடுத்தான். கடைசியில் நான் தட்டுத் தடுமாறி எழுந்தபோது ஹாலே எழுந்து நின்றது. எனக்காகத்தான். ஆனால் எழுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

உடைமாற்றும் அறையில் அவனுக்கு வியர்வைகூட அடங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்: “அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கேவலமா நடந்துக்கவாண்ணே?”

“நடந்துக்க தம்பி” என்றேன். “என் பொழப்பே அதுலதான் இருக்கு.”